மாற்றி வைத்துப் பார்ப்பவர்

அவர் என்னோடு தங்க வந்த மூன்றாம் நாள் காலையில் நான் உப்புப் போட்ட காப்பி குடித்தேன். அடுப்படி அலமாரியில் இடது ஓரம் சர்க்கரை, வலது ஓரம் உப்பு. இரண்டு வருஷமாக அப்படித்தான் இருந்தது. சர்க்கரை டப்பாவுக்குப் பச்சை மூடி, உப்பு டப்பாவுக்குச் சிவப்பு மூடி. ஆனாலும் தூக்கக் கலக்கத்தில் கை இடது ஓரத்துக்குத்தான் போனது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடித் துப்பினேன். திரும்பி வந்தால், அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

"நீங்க மூடியப் பாக்கல டீச்சர். எடத்தத்தான் பாத்தீக," என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. சாயங்காலம் டப்பாக்களைப் பழையபடி வைத்துவிட்டு, எனக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு காப்பி போட்டுக் கொடுத்தார். அவருடைய சமாதானம் அவ்வளவுதான்.

இது இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில். கம்பத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் நான் சமூக அறிவியல் டீச்சர். அவர் கம்ப்யூட்டர் டீச்சராக வந்து சேர்ந்தார். போடி பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார். என்னைவிட ஒரு வயது பெரியவர். மாடியில் நான் எடுத்திருந்த வீட்டில் பாதி இடம் காலியாக இருந்ததால் சேர்ந்து தங்கினோம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதுகிற உரிமை எனக்கு உண்டா என்பதைக் கடைசிவரை படிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

அவரிடம் இருந்த ஒரே கிறுக்கு அதுதான். நன்றாக நடந்துகொண்டிருக்கிற எதையாவது இடம் மாற்றி வைத்துவிட்டு, யார் கவனிக்கிறார்கள் என்று பார்ப்பது. ஸ்டாஃப் ரூமில் கடிகாரத்தைக் கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவருக்கு மாற்றினார். ஒரு வாரம் முழுக்க எங்கள் ஹெட்மாஸ்டர் கிழக்குச் சுவரில் இருந்த வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு, "நேரமாச்சு, கெளம்புங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைவிடப் பெரிய கூத்து வருகைப் பதிவில் நடந்தது. ஒருநாள் அவர் வகுப்பில் வரிசை எண்ணை முன்னே பின்னே மாற்றிக் கூப்பிட்டார். இரண்டாவதாகப் பதினான்கு என்று கூப்பிட்டால் இரண்டாம் எண் பையன் எழுந்து "உள்ளேன் மிஸ்" என்றான். மூன்றாவதாக ஏழு என்றால் மூன்றாம் எண் எழுந்தது. கூப்பிடாத பிள்ளைகள் பாதிப் பேர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். வராத ஒருவனுக்கும் யாரோ பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தார்கள்.

"காது கேக்கல டீச்சர். தாளந்தான் கேக்குது," என்று அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபடி சொன்னார்.

"கேட்டா என்ன, கேக்காட்டி என்ன? வருகை பதிவாகுதுல்ல?"

"பதிவாகுது. ஆனா யாரு வந்துருக்கான்னு தெரியலயே."

இப்படி ஒருவரோடு எத்தனை நாள் வாதாட முடியும்? அவர் யாரையும் கேவலப்படுத்த வேண்டும் என்று செய்பவர் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் மாற்றி வைத்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். இமைக்காமல், அவசரமே இல்லாமல் பார்ப்பார். நாம் சரியாகச் செய்துவிட வேண்டுமே என்று அவருக்கே தவிப்பாக இருப்பதுபோல இருக்கும். அந்தப் பார்வைக்கு முன்னால் யாருக்கும் தெரிந்ததுகூடத் தப்பிப்போகும். எனக்கு நிறையவே தப்பும்.

விளையாட்டுக்குள் பாடத்தை வைக்கலாம் என்ற யோசனை அவருக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம் கடையில் வந்தது. டிவிப் பெட்டிகள் நான்கு, பிய்ந்த நாற்காலிகள், பையன்கள் கூட்டம். பொம்பளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே மாட்டார்கள். இவர் கையில் ஹேண்ட்பேக்கோடு உள்ளே போய் ஒரு மணி நேரம் சுவரோரம் நின்று பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் பாதி கம்பத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான் வெட்கத்தில் செத்தேன்.

"அங்கன ஒரு பிள்ள கூட எனக்கு மறந்துருச்சுன்னு சொல்லல டீச்சர்," என்றார். "எந்த எடத்துல குழி வரும், எந்த எடத்துல குதிக்கணும், அம்புட்டும் மனப்பாடம். நம்ம பாடத்த அதுக்குள்ள வச்சுட்டா?"

அப்படித்தான் ஜீப் ஆட்டம் பிறந்தது. லோயர் கேம்ப்பிலிருந்து கேரள எல்லையில் இருக்கிற குமுளிக்கு ஏறுகிற மலைப் பாதை. ஒரு ஜீப். இருபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு கேள்வி, மூன்று விடைகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கீபோர்டில் அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் ஜீப் உறுமிக்கொண்டு மேலே ஏறும். ஆட்டத்தை எழுதி, ஜீப்பையும் மரங்களையும் கம்ப்யூட்டரின் பெயின்ட்டில் வரைந்து, தமிழ் எழுத்து உடையாமல் திரையில் வர வைக்க அவருக்கு மூன்று மாதம் ஆனது. கேள்விகளும் விடைகளும் என் பொறுப்பு. ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

முதலில் விடை தப்பானால் ஜீப் பள்ளத்தில் உருண்டுவிடும். பையன்கள் அதைப் பார்ப்பதற்காகவே தப்பாக அழுத்தினார்கள். முத்துமாரி மட்டும் கீபோர்டைத் தொடவே மாட்டேன் என்றாள். ஐந்தாம் வகுப்பிலேயே ஒல்லியான பிள்ளை. அவளுடைய அம்மா தினமும் விடியற்காலையில் ஜீப் ஏறி வண்டிப்பெரியார்ப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர். பதினைந்து பேரை அடைத்துக்கொண்டு போகிற ஜீப். அந்தப் பிள்ளைக்கு அது எப்படி விளையாட்டாகும்?

கம்ப்யூட்டர் டீச்சர் இரண்டு நாளில் ஆட்டத்தை மாற்றினார். விடை தப்பானால் ஜீப் நிற்கும். கிளீனர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லைப் போடுவான். ஜீப் பின்னால் போகாது. மறுபடி முயற்சி செய்யலாம். "எங்க ஜீப்புலயும் இப்பிடித்தான் மிஸ் கல்லுப் போடுவாக," என்றாள் முத்துமாரி. அன்றிலிருந்து அவளை கம்ப்யூட்டர் ரூமிலிருந்து வெளியே இழுத்து வருவதுதான் எனக்கு வேலையாக இருந்தது.

ஆட்டம் ஊரெல்லாம் பேச்சானது. எங்கள் தாளாளர் ஏலக்காய் வியாபாரி. முத்துமாரியின் அம்மா வேலை பார்த்த எஸ்டேட்டும் அவருடையதுதான். அந்த முறையில் அவளை ஐந்தாம் வகுப்புவரை இலவசமாகச் சேர்த்திருந்தார். ஆறாம் வகுப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. அதைப் பற்றிப் பேச அவள் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடிக்கு வந்தார்.

"கவர்மென்ட் ஸ்கூல் இருக்கே ஆத்தா, அங்க சேத்து விடு," என்றேன் நான்.

"இருக்குதான் டீச்சர். ஆனா நான் வெள்ளன ஜீப்பு ஏறுனா பொழுதடைய வர்றேன். இங்கன வேன்ல வந்து ஏத்திக்கிறாக, சாயங்காலம் நான் வர்ற வரைக்கும் ஸ்கூல் ஆயாம்மாகிட்ட ஒக்கார வச்சிருக்காக. அங்கன விட்டா இவ தனியாக் கெடப்பா. வயசு வேற ஏறுது. தனியா விட்டுட்டு அம்புட்டுத் தூரம் மலைக்குப் போக எனக்கு மனசு வராது. பேசாம எங்கூட எஸ்டேட்டுக்கே வந்துரட்டும், கண்ணு முன்னாடி இருப்பா."

எஸ்டேட்டுக்குப் போகிற பத்து வயதுப் பிள்ளை அங்கே என்ன செய்யும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஏலச் செடிக்கு நடுவே குனிந்தால் அப்புறம் நிமிராது.

நான் தாளாளரிடம் போய்க் கெஞ்சினேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஆண்டு விழாவுல ஜீப் ஆட்டத்த மேடையில காட்டப் போறோம்ல? அந்தப் பிள்ளயே ஆடட்டும். ஒரு கல்லுக்கூடப் போடாம இருபது வளைவும் ஏறிட்டான்னா, பத்தாம் வகுப்பு வரைக்கும் அவ படிப்பு, வேன் எல்லாம் என் பொறுப்பு. அம்புட்டுப் பேரு முன்னாடி மைக்குல சொல்றேன். பாதியில நின்னுட்டான்னா என்னையக் கேக்கக் கூடாது."

அவருக்கு ஒரு வேடிக்கை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு விளம்பரம். அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கை. ஆனாலும் எனக்கு நிம்மதிதான். முத்துமாரி கண்ணை மூடிக்கொண்டுகூட ஏறிவிடுவாளே!

அதுதான் வினையாகப் போனது.

விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு கம்ப்யூட்டர் ரூமுக்குப் போனேன். முத்துமாரி ஆடிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கபடி நடந்தது. அவள் கண் கபடியில், விரல்கள் கீபோர்டில். இரண்டு, மூன்று, ஒன்று, ஒன்று, இரண்டு. ஜீப் ஏறிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டர் டீச்சர் பின்னால் நின்று அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசைமேல் கிடந்த துண்டை எடுத்து, சத்தமில்லாமல் திரைமேல் போட்டு மூடினார்.

முத்துமாரி நிறுத்தவில்லை. ஜீப்பின் உறுமல் மட்டும் கேட்டது. மூன்று, ஒன்று, இரண்டு. பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டுச் சுற்றி நின்று எண்ணினார்கள். பத்து, பதினொன்று. இருபதாவது வளைவு ஏறியதும் குமுளி வந்துவிட்டதற்கான மணிச் சத்தம் துண்டுக்குள்ளிருந்து கேட்டது. பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள். முத்துமாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் கைதட்டினேன். அவர் மட்டும் தட்டவில்லை.

"நாலாவது கேள்வி என்ன முத்து?" என்று கேட்டார்.

"ஒண்ணு மிஸ்."

"விடை இல்ல, கேள்வி."

அந்தப் பிள்ளை முழித்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவர் கொடியிலிருந்த துணிகளை எடுத்து வந்தார். துணி மடிக்கும்போதுதான் சொன்னார்: "நம்ம பாடத்த ஆட்டத்துக்குள்ள வச்சுட்டோம்னு நெனச்சேன் டீச்சர். பிள்ளைக பாடத்த மட்டும் நோகாம தாண்டிப் போயிருக்குக. மூணு மாசம் ஒக்காந்து தாண்டுறதுக்குப் பாதை போட்டுக் குடுத்துருக்கேன்."

"சரி, அடுத்த வருஷம் மாத்திக்கலாம்."

"இல்ல. இப்பவே மாத்துறேன். கேள்வி வரிசையும் விடை வரிசையும் ஒவ்வொரு தடவையும் தானா மாறும். மேடையிலயும் அதுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒங்களுக்குப் பைத்தியமா? அந்தப் பிள்ள வாழ்க்கையே அதுல தொங்குது. ஒரு கல்லு விழுந்தா எஸ்டேட்டுக்குப் போயிருவா. இந்த ஒரு தடவ விட்டுருங்க."

"திரையப் பாக்காம ஏறுறவள மேடையில காட்டி, இவ படிச்சுட்டான்னு நான் மைக்குல சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல வேணாம், நான் சொல்றேன். ஒங்க சோதனைக்கு ஒரு பிள்ளதான் கெடச்சுதா?"

அவர் துணியை மடித்து முடித்தார். அந்த வாரத்திலேயே ஆட்டத்தை மாற்றியும்விட்டார். மாற்றும்போது என் நோட்டிலிருந்து ஒரு விடையைத் திருத்தியதாகவும் சொன்னார். பெரியாறு எந்தக் கடலில் கலக்கிறது என்ற கேள்வி. நான் வங்காள விரிகுடா என்று எழுதியிருந்தேன். இந்த ஒன்றை மட்டும் புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? நான் பிறந்தது உத்தமபாளையம். மலையைக் குடைந்த குகை வழியாகப் பெரியாற்றுத் தண்ணீர் வந்து விழுவதையும், சுருளியாற்றில் சேர்வதையும், வைகையாகிக் கிழக்கே போவதையும் பார்த்து வளர்ந்தவள். எங்கள் வயல் நெல் அந்தத் தண்ணீர் குடித்த நெல்.

"நமக்கு வர்றது திருப்பி விட்ட தண்ணி டீச்சர். ஆறு மேக்கதான் போகுது. அரபிக்கடல்," என்றார்.

"எங்க ஊருத் தண்ணி எங்க போகுதுன்னு போடிக்காரக வந்து எனக்குச் சொல்லித் தரணுமாக்கும்," என்றேன். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அதுவும் சேர்ந்து என் எரிச்சலைக் கூட்டியது. அந்தப் பத்து நாளும் நாங்கள் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை எனக்கு. கம்ப்யூட்டர் ரூம் பக்கமே போகவில்லை.

விழா அன்று மதியம் மூன்று மணிக்கு, கேவலமான அந்தக் காரியத்தைச் செய்தேன். அப்போது அது எனக்குக் கேவலமாகப் படவில்லை. நல்ல காரியமாகவே பட்டது. பழைய ஆட்டம் ஒரு ஃப்ளாப்பியில் என்னிடம் இருந்தது. ஒரு ஃபைலை எப்படிக் காப்பி செய்வது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். மேடைக்குப் போக வேண்டிய கம்ப்யூட்டர் காவலில்லாமல் இருந்தது. அவர் தேனியிலிருந்து வாடகைக்கு வந்த புரொஜெக்டரை இறக்கி வைக்க வாசலுக்குப் போயிருந்தார். புதியதன் மேல் பழையதைப் போட்டேன். மாற்றி வைக்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். வரிசை பழைய வரிசை. முத்துமாரியின் விரல்கள் பழைய விரல்கள். அவள் தப்பித்துவிடுவாள். அதற்கு மேல் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. என்னுடைய அந்தப் பழைய விடையும் கூடவே திரும்பி வருகிறது என்பது நினைவுக்கே வரவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கூடலூர், அனுமந்தன்பட்டிப் பக்கத்து விவசாயிகள், வெள்ளை வேட்டிகள். கடைசி வரிசையில் வேலையிலிருந்து அன்று மட்டும் சீக்கிரம் இறங்கி வந்திருந்த முத்துமாரியின் அம்மா. ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கினார்கள். தாளாளர் தன் வாக்கை மைக்கில் சொல்லி, ஒரு கல்கூட விழக் கூடாது என்ற நிபந்தனையையும் சொன்னார். திரையில் ஜீப் வந்து நின்றது.

முதல் கேள்வி வந்தது. முத்துமாரி அழுத்தவில்லை.

அழுத்து, இரண்டு, இரண்டு என்று நான் மனதுக்குள் கத்தினேன். அவள் முன்னால் குனிந்து, உதடு அசைய அசைய, ஒரு விரலைக் காற்றில் எழுத்துக்கு எழுத்து நகர்த்திப் படித்துக்கொண்டிருந்தாள். முழுக்கப் படித்தாள். மூன்று விடைகளையும் படித்தாள். பிறகு இரண்டை அழுத்தினாள். ஜீப் ஏறியது. அடுத்த கேள்விக்கும் அப்படியே. ஓடிப் பழகிய பிள்ளை ஒவ்வொரு அடியாக நடக்கிற மாதிரி இருந்தது. ஐந்தாவது வளைவில் எனக்குப் புரிந்தது. அவளுக்கு இப்போது தாளம் மறந்துவிட்டது. அவள் நிஜமாகவே படிக்கிறாள். யாரோ உட்கார வைத்துப் படிக்க வைத்திருக்கிறார்கள். யார் என்று கேட்கவும் வேண்டுமா?

பத்து. பன்னிரண்டு. மண்டபத்தில் பேச்சு நின்றது. பதினைந்தாவதில் அவள் இரண்டு தரம் படித்தாள். அப்போதுதான் பதினேழாவது கேள்வி என்னவென்று நினைவு வந்தது. எழுந்து ஓடிக் கம்ப்யூட்டரை நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் திரை மாறிவிட்டது.

பதினேழு. பெரியாறு எந்தக் கடலில் கலக்கிறது?

முத்துமாரி படித்தாள். அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. தெரிந்த கேள்வி. தயங்காமல் அரபிக்கடலை அழுத்தினாள்.

ஜீப் நின்றது. கிளீனர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல்லைப் போட்டான்.

மண்டபமே உச்சுக் கொட்டியது. முத்துமாரி திரையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், திரும்பிக் கம்ப்யூட்டர் டீச்சரைப் பார்த்தாள். முன்வரிசையில் ஒரு பெரியவர் பரிவாகவே சொன்னார்: "போச்சேம்மா. பெரியாத்துத் தண்ணி வைகையில சேந்து கெழக்கால்ல போகுது."

கம்ப்யூட்டர் டீச்சர் திரையைப் பார்த்தார். அதற்கு அப்புறம் என்னைப் பார்த்தார். யாரோ மாற்றிவிட்டார்கள் என்பதும், அது யார் என்பதும் அந்த ஒரு பார்வையில் முடிந்துவிட்டது. மேடையேறி மைக்கை வாங்கினார்.

"பிள்ள சொன்னது சரி. ஆட்டத்துல இருக்க விடைதான் தப்பு. பெரியாறு அரபிக்கடல்லதான் கலக்குது."

மண்டபத்தில் சத்தம் மொத்தமாகக் கிளம்பியது. பெரியாறு மேற்கே, கேரளத்துக்குள் போகிறது என்று கம்பத்தில், விவசாயிகள் கூடிய இடத்தில், மைக்கில் சொல்வது லேசுப்பட்ட காரியமா? "எங்க தண்ணி எங்க போகுதுன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்று ஒருவர் எழுந்தார். "இப்பிடித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர்றீகளா? அப்ப ஆறு கேரளாக்காரகளுக்கா?" என்று இன்னொருவர். தாளாளர் முகம் கறுத்துவிட்டது. "கம்ப்யூட்டர் எப்பிடி டீச்சர் தப்பாச் சொல்லும்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். கம்ப்யூட்டர் டீச்சர் மேடையில் அசையாமல் நின்றார். முத்துமாரியின் தோளில் ஒரு கை வைத்திருந்தார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. முத்துமாரியின் அம்மா எழுந்து நின்றிருந்தார். சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"வண்டிப்பெரியார்ப் பாலத்துல தெனமும் ரெண்டு தடவ பெரியாத்தத் தாண்டுறேன்யா. நமக்குத் திருப்பி விடுற தண்ணி நமக்கு வருது. ஆறு அங்கிட்டுத்தான் போகுது. நான் கண்ணால பாக்குறேன்."

முன்வரிசையில் எழுந்தவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பாலத்தைத் தினமும் தாண்டுகிறவளிடம் என்ன பேசுவது? முனகிக்கொண்டே உட்கார்ந்தார். ஜீப் டிரைவர் ஒருவர் "ஆமா, அது நெசந்தான்" என்றார். கம்ப்யூட்டர் டீச்சர் அந்தத் தப்பான விடையைத் தானே அழுத்தி ஜீப்பைக் கிளப்பி விட்டார். மிச்சம் மூன்று வளைவையும் முத்துமாரி படித்துப் படித்து ஏறினாள். அம்புட்டுப் பேர் முன்னால் சொன்ன வாக்கு; தாளாளரால் பின்வாங்க முடியவில்லை. "பிள்ள ஏறிட்டா" என்று அறிவித்துக் கைதட்டினார். சிரிப்பு மட்டும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மாத்துனது நீங்கன்னு தெரியும். எதுக்குச் செஞ்சீகன்னும் தெரியும். அதுல எனக்குக் கோபம் இல்ல," என்றார். "பத்து நாளு சாயங்காலமெல்லாம் அந்தப் பிள்ள ஒக்காந்து எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சுச்சு டீச்சர். ஒரு நாளாவது அது படிச்சு ஏறிரும்னு ஒங்களுக்குத் தோணலயா?"

தோன்றவில்லை. அவளுக்காகத் தாளாளரிடம் கெஞ்சினேன், அவளுக்காகத் திருட்டுத்தனம் செய்தேன், அவளுக்காக அழுதும் இருக்கிறேன். அவளால் முடியும் என்று மட்டும் ஒரு கணம்கூட நினைக்கவில்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. "திங்கக்கெழம காலையில மொத ஆளாப் போய் தாளாளர்கிட்ட நானே சொல்லிர்றேன்," என்றேன்.

"சொல்லுங்க," என்றார். வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

திங்கட்கிழமை எனக்கு முன்னால் தாளாளர் இருவரையும் கூப்பிட்டுவிட்டார். ஊர் முன்னால் மானம் போனது அவருக்கு ஆறவில்லை. விவசாயச் சங்கத்திலிருந்து ஆட்கள் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள். இதற்கு ஒருவர் போயாக வேண்டும் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"தப்பு யாரு செஞ்சது?"

"ஆட்டம் நான் செஞ்சது சார்," என்றார் அவர். பொய் இல்லை. ஆனால் அதற்கு மேலும் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

தாளாளர் என்னைப் பார்த்தார். "கேள்வியெல்லாம் நீங்கதான எழுதிக் குடுத்தீக? இந்த விடையும் நீங்க எழுதுனதா, இல்ல இவங்க போட்டதா?"

கம்ப்யூட்டர் டீச்சரும் என்னைப் பார்த்தார். இமைக்காமல், அவசரமே இல்லாமல். எத்தனையோ தடவை அந்தப் பார்வைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அவர் எனக்காக எதையும் மாற்றி வைக்காமல் பார்த்தது அன்று மட்டும்தான்.

"நான் கேள்வி மட்டுந்தான் சார் எழுதிக் குடுத்தேன்," என்றேன்.

கம்ப்யூட்டர் டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டார். தாளாளர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அன்று மதியம் அவர் போடி பஸ்ஸில் போய்விட்டார். எனக்கு அப்போது எட்டாம் வகுப்பில் பாடம் இருந்தது. இல்லாவிட்டாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடிதம் எழுதினேன்; கிழித்தேன். போடி பஜார் பக்கம் போக வேண்டி வந்தபோதெல்லாம் இரும்புக் கடைத் தெருவைத் தவிர்த்தே போனேன்.

முத்துமாரி தொடர்ந்து படித்தாள். அந்த வகையில் நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஏழாம் வகுப்பில் என்னிடமே படித்தாள். ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு மேசை பக்கம் வந்து நின்றாள்.

"கம்ப்யூட்டர் மிஸ் எதுக்கு மிஸ் வேலைய விட்டுப் போனாக?"

"கல்யாணம் ஆயிருச்சும்மா. அதான் போயிட்டாக," என்றேன். யாரும் நம்புகிற பதில். இதற்கு முன் கேட்ட நாலைந்து பிள்ளைகள் சரியென்று தலையாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

முத்துமாரி போகவில்லை. குனிந்து சாக்பீஸை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்த என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது நிதானமாகப் படிக்கத் தெரியும். நான் நிமிரவே இல்லை.